நுண்பொருளியல் பாடத்திட்டத் திருத்தமும் வடசென்னையும்

நுண்பொருளியல் என்பது தனிமனிதர், குடும்பம், நிறுவனம், ஒரு குறிப்பிட்ட பண்டத்தின் சந்தை ஆகியவை எடுக்கும் முடிவுகளை ஆராயும் பொருளியல் பிரிவாகும். நுண்ணினப் பொருளியல், நுண்ணியல் பொருளாதாரம் என்ற பெயர்களாலும் இது வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் பி.ஏ. பொருளியல் படிப்பின் தொடக்கத்திலேயே மாணவர் சந்திக்கும் முதன்மைத் தாள் இதுதான். தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, செலவு, முற்றுரிமை, கூலி, புறவிளைவு என்று பின்னால் வரும் எல்லாத் தாள்களுக்கும் வேண்டிய சொற்கள் இங்கேதான் அறிமுகமாகின்றன.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தத் தாள் திருத்தப்படுகிறது. அந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது, எதை மாற்றுகிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன. பதினைந்து கிலோமீட்டருக்குள் மீன்பிடித் துறைமுகம், சரக்குத் துறைமுகங்கள், அனல்மின் நிலையம், மோட்டார் வாகனத் தொழிற்சாலை, மீனவர் குப்பங்கள் எல்லாம் அடுத்தடுத்து அமைந்த பகுதி அது. பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள தியாகராயா கல்லூரி, பிராட்வே பகுதியில் உள்ள பாரதி மகளிர் கல்லூரி போன்றவற்றுக்கு இந்தப் பகுதிப் பிள்ளைகளே பெருமளவில் வருகிறார்கள்.

திருத்தம் நடைபெறும் முறை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கப்பட்டது. அதன் இன்றைய நிர்வாக அமைப்புக்கு அடிப்படை 1923ஆம் ஆண்டுச் சட்டம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாடத்திட்டக் குழு உண்டு. பேராசிரியர்களும் வெளி வல்லுநர்களும் அதில் இருப்பர். அவர்கள் தயாரிக்கும் வரைவு கல்விக்குழுவின் ஒப்புதலுக்குச் செல்லும். ஒப்புதல் கிடைத்ததும் இணைப்புக் கல்லூரிகள் அனைத்தும் அதையே நடத்த வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு மட்டும் தனிப் பாடத்திட்டக் குழுக்கள் உண்டு.

2023-24 கல்வியாண்டில் இந்த நடைமுறையின் மேல் இன்னோர் அடுக்கு வந்தது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் கலை, அறிவியல் பாடங்களுக்கு மாதிரிப் பாடத்திட்டங்களை வெளியிட்டது. அதில் 75 விழுக்காட்டை ஏற்க வேண்டும், மீதி 25 விழுக்காட்டைப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தங்கள் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாணவருக்கும், பட்டத்துக்கு இணைச் சான்று கேட்டு அலைபவருக்கும் இது உதவும் என்று கூறப்பட்டது. தன்னாட்சிக் கல்லூரி ஆசிரியர்கள் பலர் இதை எதிர்த்தனர். தாங்களாகவே பாடம் வகுக்கும் உரிமைதானே தன்னாட்சியின் பொருள் என்று கேட்டனர்.

இருதரப்பு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 25 விழுக்காட்டில் என்ன வைப்பது என்ற கேள்வி அதிகம் பேசப்படவில்லை. நம் பாடத்திட்டங்கள் வழக்கமாக ஐந்து அலகுகள் கொண்டவை. ஐந்தில் நான்கில் ஒரு பங்கு என்றால் ஒன்றேகால் அலகு. சிறியதுதான், ஆனாலும் ஓர் ஊரை உள்ளே கொண்டுவரப் போதுமான இடம்.

ஸ்லேட்டர் அனுப்பிய மாணவர்கள்

ஊரைப் பாடத்துக்குள் கொண்டுவருவது சென்னைக்குப் புதிதல்ல. 1915இன் இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். ஆங்கில நூல்களை வைத்துக்கொண்டு இந்தியப் பொருளியலைக் கற்பிப்பதன் குறையை உணர்ந்த அவர், மாணவர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்துக் கிராமங்களை ஆராயச் செய்தார். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் வாங்கப்பட்டது, வட்டி என்ன என்று எழுதிவரச் சொன்னார். அப்படித் திரட்டியவற்றிலிருந்து 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூல் வெளிவந்தது. தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, நெல்லையின் கங்கைகொண்டான், வடஆர்க்காட்டின் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் மாவட்டத்தில் அன்றிருந்த வடமலாபுரம் ஆகியவை அவற்றுள் அடங்கும். பின்னர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் இதே கிராமங்களை மறுஆய்வு செய்து 1940இல் வெளியிட்டனர். இருவேல்பட்டை அதற்குப் பின்னும் ஆய்வாளர்கள் தேடிச் சென்றுகொண்டே இருந்தார்கள்.

நூறாண்டுகளுக்கு மேலாகத் தொடரும் இந்த ஆய்வு வரிசை மாணவர்களின் வீட்டுப்பாடத்திலிருந்து பிறந்தது. ஸ்லேட்டர் பாடத்தலைப்புகளைவிட மாணவர் செய்ய வேண்டிய வேலையைத்தான் மாற்றினார். இன்றைய திருத்தங்கள் பெரும்பாலும் தலைப்புகளோடு நின்றுவிடுகின்றன. மூன்றாம் அலகு நான்காம் அலகாகும். நடத்தைசார் பொருளியல், விளையாட்டுக் கோட்பாடு என்று ஒவ்வொரு வரி சேரும். நூல் பட்டியலில் புதிய பதிப்பு எண் ஏறும்.

வகுப்பில் வரும் தேனீக்கள்

புறவிளைவு என்பது ஒருவர் செய்யும் உற்பத்தியோ நுகர்வோ, விலை வழியாக அல்லாமல், மற்றொருவரின் நன்மை தீமையைப் பாதிப்பது. இதற்குப் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு ஜேம்ஸ் மீட் 1952இல் எழுதிய ஆப்பிள் தோட்டமும் தேனீக்களும். கோஸ் 1960இல் எழுதியது மாடு வளர்ப்பவரும் பக்கத்து நிலத்து விவசாயியும். இரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகள். ஆனால் எண்ணூரிலிருந்து வரும் மாணவி ஆப்பிள் தோட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார். சாம்பல் படிந்த உப்பங்கழியைப் பார்த்திருப்பார். தன் வீட்டு வாசலில் இருப்பதுதான் அந்த அத்தியாயம் என்று யாரும் சொல்லாததால், அவர் தேனீக்களை மனப்பாடம் செய்து எழுதித் தேர்ச்சி பெறுகிறார்.

காசிமேட்டில் விலை

தேவையும் அளிப்பும் சேர்ந்து விலையைத் தீர்மானிப்பதை விளக்க ஆல்பிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட தன் நூலில் எடுத்துக்கொண்டது மீன் தொழில். வானிலையால் நாளுக்கு நாள் மாறும் விலை ஒன்று. கால்நடை நோயால் மக்கள் இறைச்சியை விட்டு மீனுக்கு மாறினால் ஓரிரு ஆண்டுகள் நீடிக்கும் விலை இன்னொன்று. புதிய படகுகள் கட்டப்பட்டுப் புதிய ஆட்கள் தொழிலுக்கு வந்தபின் நிலைக்கும் விலை மூன்றாவது. அங்காடிக் காலம், குறுகிய காலம், நீண்ட காலம் என்று நம் மாணவர்கள் வரையறையாகப் படிப்பது இதைத்தான். மார்ஷலுக்கு மீன் கிடைத்தது. ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டில் அந்த அத்தியாயம் நாள்தோறும் விடியலுக்கு முன்பே ஏலத்தில் நடக்கிறது.

கரைக்கு வந்த மீனின் அளவு அன்றைக்கு மாறாது, பனிக்கட்டி போட்டு ஓரளவு தள்ளி விற்கலாம், அவ்வளவுதான். எனவே அன்றைய விலையைப் பெரும்பாலும் வாங்குவோர் கூட்டமே நிர்ணயிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். இது அங்காடிக் காலம். விலை நன்றாக இருந்தால் இருக்கும் விசைப்படகுகள் கடலில் கூடுதல் நாட்கள் தங்கும், அது குறுகிய காலம். புதுப் படகு கட்ட ஆர்டர் கொடுப்பது நீண்ட காலம்.

இதைவிட அரிய வாய்ப்பு ஒன்றும் இங்கே உண்டு. தேவை வளைகோட்டை வகுப்பில் வரைவது எளிது, உண்மைச் சந்தையில் காண்பது கடினம். ஏனெனில் விலையும் அளவும் மாறும்போது எந்தக் கோடு நகர்ந்தது என்று தெரியாது. ஒரு கோடு மட்டும் நகர்ந்தால்தான் மற்றக் கோட்டின் வடிவம் தெரியும். காசிமேட்டில் ஆண்டுதோறும் இது இருமுறை நடக்கிறது.

ஒன்று மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. 2017க்கு முன் இது 45 நாட்களாக இருந்தது. தடை தொடங்கும் தேதியை அரசு நிர்ணயிக்கிறது, வஞ்சிரம் வாங்குவோரின் விருப்பம் அல்ல. அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்கிறது, அதனால் தேவைக் கோட்டின் வழியே நாம் நகர்கிறோம். இரண்டாவது புரட்டாசி. பல வீடுகளில் அசைவம் நின்றுவிடும். கடலில் மீன் குறையவில்லை, படகுகளும் குறையவில்லை. இப்போது தேவைக் கோடு நகர்கிறது, அளிப்புக் கோடு தெரிகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு: தடைக்கு முன் கிலோ 800 ரூபாய்க்கு ஒரு வியாபாரி நாளொன்றுக்கு 50 கிலோ விற்றார் என்று வைத்துக்கொள்வோம். தடையின்போது விலை 1,000 ஆனது, விற்பனை 40 கிலோ ஆனது. விலை 25 விழுக்காடு ஏற, அளவு 20 விழுக்காடு குறைந்தது. நெகிழ்ச்சி 0.8, அதாவது ஒன்றுக்குக் குறைவு. இங்கே ஆசிரியர் நிறுத்திக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. அந்த வியாபாரியிடம் வாங்காதவர் வேறு கடைக்குப் போனாரா, கோழிக்கறிக்கு மாறினாரா? நாட்டுப்படகு மீனும் மேற்குக் கடற்கரை மீனும் எவ்வளவு வந்தன? கேரளத்திலிருந்து மீன் வரும்வரை இங்கே விலை ஓரளவுக்கு மேல் ஏறாது. அங்கே தடை தொடங்கியபின், ஜூன் நடுவில் இங்கே படகுகள் புறப்பட்டதும், லாரிகள் எதிர்த்திசையில் ஓடலாம்.

நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையைப் பற்றி கேத்ரின் கிராடி 1995இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் அளவைப் பொருளியல் வகுப்புகளில் பயன்படுகிறது. அங்கே அளிப்பை நகர்த்தியது புயல். வடகேரளக் கடற்கரையில் கைப்பேசி வந்தபின் ஊருக்கு ஊர் மத்தி விலை வேறுபாடு சுருங்கியதை ராபர்ட் ஜென்சன் 2007இல் காட்டினார். ஃபுல்டனுக்குக் கிடைத்த பேறு காசிமேட்டுக்கும் கிடைத்திருக்கலாம்.

செலவு அத்தியாயமும் இதே கரையில் இருக்கிறது. தடைக்காலத்தில் படகு கட்டி நிற்கிறது, உற்பத்தி சுழியம். ஆனால் கடனுக்கு வட்டி ஓடுகிறது, மராமத்துச் செலவு இருக்கிறது. அது மாறாச் செலவு. டீசல், பனிக்கட்டி, சாப்பாட்டுச் சாமான் ஆகியவை மாறும் செலவு. டீசல் விலை ஏறி மீன்பாடு குறைந்தால், தடை இல்லாதபோதும் சில உரிமையாளர்கள் படகை எடுப்பதில்லை. வருவாய் மாறும் செலவைக்கூட ஈடுகட்டாத அந்தப் புள்ளியைத்தான் பாடநூல் மூடும் புள்ளி என்கிறது. விற்றதில் பொதுச்செலவைக் கழித்து மீதியை உரிமையாளரும் தொழிலாளரும் பங்கு பிரித்துக்கொள்ளும் வழக்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். நாள்கூலி கொடுத்தால் இழப்பு முழுவதும் உரிமையாளருடையது. பங்கு என்றால் இடர் இருவருக்கும் பகிரப்படுகிறது, உழைக்கும் ஊக்கமும் கூடுகிறது.

எண்ணூரின் கணக்கு

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் திறந்தவெளியில் கையாளப்பட்ட காலத்தில் ராயபுரம் பக்கத்து வீடுகளில் கரித்தூள் படிந்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் இவற்றை அங்கே கையாள்வதை நிறுத்தச் சொன்னது. நிலக்கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்கு நகர்ந்தது. 2001இல் செயல்படத் தொடங்கிய அத்துறைமுகம் 2014 முதல் காமராசர் துறைமுகம் எனப்படுகிறது. ராயபுரத்தின் புறவிளைவு தீர்ந்தது. ஆனால் தூசு உலகிலிருந்து மறைந்துவிடவில்லை. யாருக்கு நன்மை, யாருக்குச் செலவு, மொத்தத்தில் குறைந்ததா, இடம் மட்டும் மாறியதா என்று ஒரு வகுப்பு முழுவதும் விவாதிக்கலாம்.

பிகு 1920இல் சொன்ன தீர்வு வரி. தீங்கு செய்பவர் அதன் அளவுக்கு வரி கட்டினால் சமூகச் செலவு அவர் கணக்கில் ஏறும். கோஸ் வேறு வழி காட்டினார். உரிமை யாருடையது என்பது தெளிவாக இருந்து, பேரம் பேசும் செலவு இல்லாவிட்டால், இருதரப்பும் பேசியே திறமையான முடிவுக்கு வரலாம். இந்த ‘இல்லாவிட்டால்’ என்ற சொல்லின் கனம் எண்ணூரில் தெரியும்.

2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் ஒதுங்கிய கசடை மக்கள் வாளிகளில் அள்ளியது பலருக்கும் நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலிய நிறுவன வளாகத்திலிருந்து அது வந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே மாத இறுதியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு ஓடினர்.

எண்ணெய்க் கசிவுக்காகத் தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணம் 8.68 கோடி ரூபாய். 2,301 குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் வீதமும், 6,700 குடும்பங்களுக்கு 7,500 ரூபாய் வீதமும், 787 படகுகளுக்கு 10,000 ரூபாய் வீதமும் வழங்குவதாகக் கூறப்பட்டது. பெருக்கிக் கூட்டிப் பார்க்கும் முதலாண்டு மாணவருக்கு 8.68 கோடி சரியாகவே வரும். அதற்குப் பின்தான் பொருளியல் தொடங்குகிறது. 12,500 ரூபாய் என்பது எத்தனை நாள் வருமானம்? அந்த நாட்களுக்குள் கழி பழைய நிலைக்குத் திரும்பிவிடுமா? கையால் இறால் தடவிப் பிடிப்பவருக்குப் படகு இல்லை, அவர் எந்தப் பட்டியலில் வருவார்? எண்ணூர் மீன் என்றதும் வாங்குபவர் விலகிப்போனால் அந்த இழப்பை எப்படி அளப்பது? காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று பிரிந்து கிடக்கும் 9,001 குடும்பங்கள் ஒரு நிறுவனத்தோடு பேரம் பேச ஆகும் செலவு என்ன? கோஸின் நிபந்தனை உடையும் இடம் இதுதான்.

துறைமுகங்களும் தொழிற்சாலைகளும்

சந்தை அமைப்புக்கு இங்கே நல்ல வினா ஒன்று உண்டு. சென்னை, காமராசர், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்கள் அருகருகே உள்ளன. காமராசர் துறைமுகத்தில் மத்திய அரசிடமிருந்த மூன்றில் இரண்டு பங்கு 2020 மார்ச்சில் 2,383 கோடி ரூபாய்க்குச் சென்னைத் துறைமுகத்துக்கே விற்கப்பட்டது. காட்டுப்பள்ளி 2018 முதல் அதானி குழுமத்திடம் உள்ளது. பெயர்ப்பலகை மூன்று, முடிவெடுப்போர் எத்தனை பேர்? இருவர் முற்றுரிமையைக் கற்பிக்க இதைவிட எளிய தொடக்கம் வேண்டியதில்லை.

உழைப்புச் சந்தைக்கு 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு உருவான சென்னைத் தொழிற்சங்கம் இருக்கிறது. ஸ்லேட்டர் இங்கே வகுப்பெடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று ஒரே தொழில் ஒரே இடத்தில் ஏன் குவிந்தது என்பதும் தனிப் பாடமாகும் அளவுக்கு விரியும்.

எதை விடுவது

புதியது சேர்த்தால் பழையது ஒன்று போக வேண்டும், ஒரு பருவத்தின் வகுப்பு நேரம் நீளாது. என் கருத்தில் முதலில் விடத்தக்கவை இலக்கணங்கள். செல்வ இலக்கணம், நல இலக்கணம், பற்றாக்குறை இலக்கணம், வளர்ச்சி இலக்கணம் எல்லாம் பதினொன்றாம் வகுப்பிலேயே வந்துவிட்டவை. அவற்றுக்கு மீண்டும் இரண்டு வாரம் செலவிடுவது வீண்.

சமநோக்கு வளைகோட்டையும் கணிதத்தையும் விடக் கூடாது. உள்ளூர் எடுத்துக்காட்டுக்காகக் கோட்பாட்டைக் குறைத்தால், முதுகலை நுழைவுத் தேர்விலும் இந்தியப் பொருளியல் பணித் தேர்விலும் வடசென்னை மாணவரே அடிபடுவார். காசிமேடு வகையீட்டுக் கணிதத்துக்கு மாற்றாகாது. அந்தக் கணிதம் எதற்கு என்று காட்டும் இடமாகவே அது இருக்க முடியும்.

தமிழ்வழி மாணவருக்கு இன்னொரு தடை கலைச்சொல். தமிழ்நாட்டில் தேவை, அளிப்பு என்பவை இலங்கைத் தமிழ் நூல்களில் கேள்வி, நிரம்பல். முற்றுரிமை அங்கே தனியுரிமை. இணையத்தில் தேடும் மாணவர் இரண்டையும் கண்டு குழம்புகிறார். திருத்தப்படும் பாடத்திட்டத்தோடு ஒரு பக்கச் சொற்பட்டியலை இணைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

வினாத்தாள்

பாடத்திட்டம் எதைச் சொன்னாலும் மாணவர் படிப்பது வினாத்தாளுக்காகவே. “புறவிளைவு என்றால் என்ன? அதன் வகைகளை விளக்குக” என்ற வினா இருக்கும்வரை தேனீக்கள் போகமாட்டா. அதே பத்து மதிப்பெண்ணுக்கு 2023ஆம் ஆண்டு நிவாரணத் தொகைகளைக் கொடுத்து, “இது சமூகச் செலவு முழுவதையும் ஈடுசெய்கிறதா? பிகு, கோஸ் இருவரின் வழியிலும் ஆராய்க” என்று கேட்கலாம். திருத்துபவருக்கு வேலை கூடும், ஏனெனில் ஒரே விடைக்குறிப்பை வைத்து எல்லா விடைகளையும் மதிப்பிட முடியாது. பல்கலைக்கழகத் தேர்வில் இதைக் கொண்டுவரப் பாடத்திட்டக் குழு கூட வேண்டும். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணுக்கு அது தேவையில்லை. ஏப்ரல் முதல் வாரத்திலும் மே முதல் வாரத்திலும் சங்கரா, வஞ்சிரம் இரண்டின் விலையையும் காசிமேட்டில் கேட்டு எழுதிவரச் சொல்ல, துறை ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால் போதும்.